எங்கே விழித்தேன் என்று எழுதிய கொப்பி

போன மாதம் ரமேஷும் நௌசாத்தும் என்னைத் தேடி வந்தார்கள். ஹாலிஎலவில் நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த பட்டறையில் இரண்டு பேரும் பிட்டர்கள். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் அந்தப் பட்டறையின் வேலை. இப்போது ஏழு மாதத்துக்கு உகண்டா போகிறார்கள். ரமேஷின் கையில் ஒரு வரிப் படிவம் இருந்தது.

“அண்ணன், நிரந்தர வதிவிடம்னு ஒரு கட்டம் இருக்கு. லயத்த எழுதுறதா, பட்டறைய எழுதுறதா?”

“லயத்த எழுது. தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிட்டியா?”

“பயணத்துக்கு முந்திப் போகணும். தபாலுக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்து வைக்கணுமாம். கிளாக்கர் ஐயா வரச் சொன்னாரு.”

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கத்தினேன். நான் கத்துகிற ஆள் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஹோல்ட் வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவன் நான். இரண்டு பேரும் பயந்து போனார்கள். பிறகு நௌசாத்துதான், “கோபப்படாம நடந்தத எழுதிக் குடுங்க அண்ணன், நாங்க பட்டறையில ஒட்டி வைக்கிறோம்” என்றான். கோபப்படாமல் எழுத வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளை என் மகள் கௌரி திருத்தினாள். கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் குடியிருக்கும் தேயிலைத் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம். பெயர் வேண்டாம். தொழிலாளர்களின் வரிசை வீடுதான் லயம், அதில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் காம்பரா. எங்களுடையது ஆறாம் லயம், மூன்றாம் காம்பரா. அப்பா இறந்தபின் தோட்டத்துத் தொழிற்சாலையில் எடுபிடியாக நின்றேன். ஒருநாள் ரோலர் பூட்ட வந்த சலீம் நானா என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்து, “இவன் சரியான சைஸ எடுத்து வச்சிட்டு நிக்கிறான், கேக்கத்தான் வாய் இல்ல” என்று சிரித்தார். அடுத்த வாரம் என்னை ஹாலிஎலவில் இருந்த தன் பட்டறைக்குக் கூட்டிப் போனார்.

ரோலர் என்பது வாடிய கொழுந்தைச் சுருட்டுகிற இயந்திரம். கீழே பித்தளை மேசை, மேலே கொழுந்து நிரப்பும் உருளை. மூன்று கிராங்குகள் அதைச் சுற்றி ஆட்டும். மூன்றும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் இயந்திரம் உதறும், கொழுந்து சூடேறும், தேயிலை கெட்டுப் போகும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். சலீம் நானா அதோடு விடமாட்டார். ரோலரை ஓடவிட்டு, அதன் சட்டத்தின் மேல் பிளேன்டீ நிறைந்த ஒரு கிளாஸை வைப்பார். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்ப்பார். ஒரு சொட்டுச் சிந்தினால் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தத் தேத்தண்ணியைத் தானே குடித்துவிட்டு ஸ்பேனரை எங்கள் கையில் கொடுப்பார். மறுபடி முதலிலிருந்து கழற்ற வேண்டும். மடுல்சீமையில் ஒரு ரோலரை ஒரே நாளில் நாலு தடவை கழற்றினோம். நாலு கிளாஸ் தேத்தண்ணி குடித்துவிட்டு, “இன்டைக்கு எனக்கு ராவைக்கு நித்திரை இல்ல, ஒங்களால” என்றார். அவ்வளவுதான் அவருடைய ஏச்சு.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பட்டறைக்கு வந்த முதல் நாளே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைக் கொடுப்பார். காலையில் எங்கே கண்விழித்தோமோ அந்த இடத்தின் பெயரைத் தேதி போட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு நாளும். பேனாவால் மட்டும். வெளியிடத்தில் தங்கும் நாளுக்குத் தனிப்படி உண்டு. அதில் சண்டை வரக்கூடாது என்பதற்காக அவர் கண்டுபிடித்த வழி அது.

“பென்சிலால எழுதினா அத அழிக்கத்தான் எழுதின மாதிரி, மகன்” என்பார்.

எனக்கு ஒற்றைச் சொல் எழுதினால் கொப்பி வெறிச்சென்று கிடப்பது போலத் தெரியும். அதனால் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் சேர்த்துக்கொள்வேன். மழை என்றோ, ரோலர் முடிந்தது என்றோ. வாயால் பேசாதவனுக்கு அது ஒரு பேச்சு. இப்படி முப்பத்தொரு வருடத்தில் நாற்பதுக்கும் மேல் கொப்பிகள் சேர்ந்துவிட்டன. என் மனைவி பாக்கியம் அவற்றை அரிசிச் சாக்கில் கட்டி அட்டத்தில் போட்டு வைத்திருந்தாள். “எலிக்குத்தான் இது பாடப்புத்தகம்” என்பாள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம்தான் முதலும் கடைசியுமாக வெளிநாடு போனேன். உகண்டாவில் ஒரு தொழிற்சாலையில் ஆறு ரோலர் பூட்ட வேண்டும். எங்கள் பட்டறையும் சம்பளம் தரும், அந்தத் தொழிற்சாலையும் ஒரு பங்கு தரும் என்று பேச்சு. புறப்படும் முன் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். லயத்தில் வீட்டுக்கு வீடு தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். பாக்கியத்துக்கு மூச்சிழுப்பு வந்து கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் காம்பராவிலிருந்து பெரட்டுக்குப் போக ஆள் இல்லை. என் கடிதங்களைப் பாக்கியம் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று கேட்பதற்காகத்தான் போனேன்.

பெரிய கிளாக்கர் ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஆங்கிலத்தில் இருந்தது.

“இதுல ஒரு கையெழுத்து வை, லிங்கம். மத்தத நான் பாத்துக்கிறேன்.”

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். ஆபீசில் நீட்டிய தாளை வாசித்துக் காட்டச் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடும். என் அப்பா கேட்டதில்லை, அவர் அப்பாவும் கேட்டதில்லை. ரோலரில் ஒரு நூலளவு பிசகினால் கண்டுபிடிக்கிறவன், அந்தத் தாளின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கீழே கையெழுத்து வைத்தேன். வைத்துவிட்டு, “நன்றிங்க ஐயா” என்றும் சொன்னேன்.

உகண்டாவைப் பற்றி எழுத நிறைய இல்லை. அங்கேயும் மலை, தேயிலை, பனி. சட்டத்தின் மேல் கிளாஸை வைத்தபோது அங்கிருந்த தொழிலாளர்கள் கூடி நின்று சிரித்தார்கள். ஆறு ரோலரும் சிந்தாமல் ஓடிய அன்று அவர்களே ஆளுக்கொரு கிளாஸ் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். நூற்று அறுபத்து நாலு நாள் அங்கே இருந்துவிட்டு வந்தேன். கடைசிச் சம்பளத்தில் அங்கே வரி கழித்தார்கள். கழித்ததற்கு ஒரு சீட்டு வாங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்தேன். அடுத்த வருடம் தோள்பட்டை விட்டுப் போயிற்று, வேலையும் முடிந்தது. ஒருநாள் சலீம் நானா எனக்குப் போன் எடுத்தார்.

“மகன், வரி ஆபீஸ்ல இருந்து பேசினாங்க. ஒங்கட அட்ரஸுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்திட்டாம். நீங்க இப்ப எங்க இரிக்கீங்க?”

“வீட்டுலதான் நானா.”

“அப்ப எப்பிடித் திரும்பிச்சு?”

பதுளைக்குப் போனேன். வரி அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரிக்கு என் மகள் வயது இருக்கும். திரும்பி வந்த கடித உறையைக் காட்டினார். அதன் மேல் எங்கள் தோட்டத்து ஆபீஸ் முத்திரை. சிவப்பு மையில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

“என்னா மிஸ் எழுதியிருக்கு?” என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஐம்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது எனக்கு.

“தோட்டத்த விட்டுப் போயிட்டார்னு எழுதியிருக்காங்க. நீங்க அங்க இல்லையா?”

“இன்னைக்குக் காலையில அங்கதான் எந்திரிச்சேன் மிஸ்.”

அவர் சிரித்தார். பிறகு விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னார். வரி ஆண்டு ஏப்ரல் முதலாம் தேதி தொடங்கி மார்ச் முப்பத்தொன்றில் முடியும். அதற்குள் நூற்று எண்பத்து மூன்று நாளோ அதற்கு மேலோ நாட்டில் இருந்தால் அந்த வருடத்துக்கு நான் இங்கே வதிகிறவன், அதாவது இங்கே குடியிருக்கிறவன். வதிகிறவன் என்றால் இங்கே சம்பாதித்ததும் அங்கே சம்பாதித்ததும் சேர்ந்துதான் கணக்கு. அங்கே வரி கட்டிய சீட்டு இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

“நீங்க எத்தன நாள் இங்க இருந்தீங்க?”

“கொப்பி இருக்கு மிஸ்.”

மறுநாள் கொப்பியும் கடவுச்சீட்டும் கொண்டு போனேன். அவர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினார். இருநூற்றொரு நாள். கடவுச்சீட்டு முத்திரையோடு சரியாகப் பொருந்தியது. நான் வதிகிறவன்தான். உகண்டாச் சீட்டு என்னிடம் இல்லாததால் ஒரே கூலிக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டினேன். ரமேஷ், நௌசாத், விமானம் ஏறுமுன் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு தடவை கட்டினதில் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் கத்தியது அதற்காக இல்லை.

எங்கள் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மேடு. மழைக்காலத்தில் அது நகர்கிறது. மண்சரிவு பார்க்க வந்தவர்கள் லயத்துச் சுவரில் சிவப்புக் குறி போட்டு, இங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் தட்டையான இடத்தில் இருபது வீடு கட்டிக் கொடுப்பதென்று ஏற்பாடானது. ஆறாம் லயத்தில் இருபது காம்பரா. நான் வரி கட்டிவிட்டு வந்த மறுநாளே பெரட்டுக் களத்தில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். பதினேழு பெயர்தான் இருந்தது. மூன்றாம் காம்பராவைக் காணவில்லை. கணவன் கொழும்பில் கடையில் நிற்கிற சரோஜாவின் காம்பராவும், மகன் டுபாயில் இருக்கிற ராசம்மாக்காவின் காம்பராவும் இல்லை.

ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் ஒரு பைலைத் திறந்து, நான் கையெழுத்து வைத்த தாளை எடுத்து வைத்தார்.

“நீதானேப்பா எழுதிக் குடுத்த. காம்பராவ விட்டுட்டுப் போறேன், இனி எனக்கு உரிமை இல்லன்னு. இந்தா, உன் கையெழுத்து.”

“தபாலுக்குன்னு சொன்னீங்களே ஐயா.”

“தபாலுக்கும் இதுதான். வெளிய போறவங்களுக்கு எல்லாம் ஒரே பேப்பர்தான். வாசிச்சுப் பாத்துத்தானே வச்சிருப்ப?”

காது மடல் சுட்டது. என்னை ஏமாற்றத்தான் அவர் அந்தத் தாளைத் தள்ளினாரா, அல்லது எல்லோருக்கும் தள்ளுகிற மாதிரி யோசிக்காமல் தள்ளினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். சிவப்புக் குறி போட்ட சுவருக்குக் கீழே இருக்கப்போவது அவர் மனைவியும் பிள்ளையும் இல்லை.

வெளியே வந்து பெரட்டுக் களத்துப் படியில் உட்கார்ந்தேன். நேற்றைக்குத்தான் நான் இங்கே வதிகிறவன் என்று சொல்லி வரி வாங்கினார்கள். இன்றைக்கு நான் இங்கே வதிகிறவன் இல்லை என்று சொல்லி வீடு இல்லை என்கிறார்கள். வரிக்கு ஊர்க்காரன், வீட்டுக்கு வெளியூர்க்காரன். தோட்டத்துச் சம்பளத்தில் வயிறு நிறையவில்லை என்றுதானே வெளியே போகிறோம்? போனால் பெயரை வெட்டுகிறார்கள். நாங்கள் அனுப்புகிற காசுக்கு மட்டும் வெட்டு இல்லை.

அடுத்த பஸ்ஸில் பதுளைக்குப் போய் அந்தப் பெண் அதிகாரியைப் பார்த்தேன்.

“மிஸ், நான் வதிகிறவன்னு நேத்து சொன்னீங்கள்ல. அத எழுதித் தருவீங்களா? தமிழ்ல. அட்ரஸோட.”

மேலே கேட்க வேண்டும் என்று உள்ளே போனார். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். முத்திரையோடு கொண்டுவந்து கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, முழுவதையும் வாசித்த பிறகுதான் எழுந்தேன்.

வீட்டுப் பட்டியல் விசாரணை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பெரிய நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் காணிக்குப் பொறுப்பான அதிகாரி உட்கார்ந்திருந்தார், தமிழர்தான். பெரிய கிளாக்கர் பைலோடு பக்கத்தில் நின்றார். நாங்களெல்லாம் குழந்தைகளின் சிறிய பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தோம். என் பெயரைக் கூப்பிட்டதும் பாக்கியம் முதுகில் ஒரு குத்து விட்டாள். “போங்க. பேசுங்க. இல்லாட்டி நான் பேசிருவேன், அது இன்னும் மோசமாப் போகும்.”

கடிதத்தைக் கொடுத்தேன். அதிகாரி வாசித்தார்.

“இது இலங்கையில வதியிறீங்கன்னுதான் சொல்லுது. இந்தத் தோட்டத்துலன்னு சொல்லலையே. அட்ரஸ் நீங்க குடுத்ததுதானே?”

“இலங்கையில எங்க சார்?” என்றேன்.

“என்ன?”

“இலங்கையில இருநூத்தியொரு நாள் இருந்தேன்னு நீங்க எல்லாரும் ஒத்துக்கிறீங்க. வரியும் வாங்கிட்டீங்க. அந்த நாள் எல்லாம் எங்க இருந்தேன்? எனக்கு இலங்கையில வேற எடம் எங்க இருக்கு? காட்டுங்க, அங்க போயிர்றேன்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பின்னால் யாரோ, “அட, லிங்கண்ணனா இது” என்றார்கள். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். எங்கே கண்விழித்தேனோ அதை அன்றன்றைக்கே எழுதியது என்றேன். அதிகாரி ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார்.

“லயம். பாக்கியத்தோட சண்டை.”

பிள்ளைக்காம்பரா முழுவதும் சிரித்தது. பாக்கியம், “அதையுமா எழுதுவீங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதிகாரியும் சிரித்தபடி அடுத்த பக்கங்களைப் புரட்டினார்.

“ஹாலிஎல, பட்டறை. லயம். லயம். மழை. பின்சுவர் வெடிப்பு, ஒரு விரல் போகுது.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் இரண்டு தாளைப் புரட்டினார். இப்போது குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தார்.

“லயம். மழை. வெடிப்பு இரண்டு விரல்.” சற்றுத் தள்ளி, “லயம். கௌரியின் கட்டிலை முன்பக்கம் மாற்றினேன்.” அதற்குப் பிறகு, “லயம். வெடிப்பு, கை போகுது.”

கொப்பியை மூடினார். பெரிய கிளாக்கரைப் பார்த்து, “இந்தக் காம்பராவுல இப்ப யாரு இருக்கா?” என்று கேட்டார்.

“இவங்கதான் சார்” என்றார் கிளாக்கர். வேறு என்ன சொல்ல முடியும்?

அதிகாரி பட்டியலை எடுத்துப் பதினெட்டாவதாக என் பெயரைப் பென்சிலால் எழுதப் போனார். நான் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினேன்.

“பிறகு உறுதிப்படுத்தலாம்” என்றார்.

“பேனாவால எழுதுங்க சார்.”

அவர் பேனாவை வாங்கி எழுதினார்.

அடுத்ததாகச் சரோஜாவும் ராசம்மாக்காவும் எழுந்தார்கள். எங்களுக்கும் அதே சுவர்தான் என்றார்கள். அதிகாரி களைத்துப் போயிருந்தார்.

“உங்ககிட்ட இந்த மாதிரிக் கொப்பி ஏதாச்சும் இருக்கா?”

“கொப்பி இல்லாதவங்க மேல மண்ணு விழாதா சார்?” என்றேன். அவர் அந்த இரண்டு பெயரையும் எழுதினார். என் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பென்சிலால் எழுதினார். பக்கத்தில், விசாரிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. பிறகு என்னைப் பார்த்து, “உங்க வேல முடிஞ்சிருச்சுல்ல? சந்தோஷம்தானே?” என்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். பெரிய கிளாக்கரும் காத்திருந்தார். கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இதை எழுதும்போது அந்த இரண்டு பெயரும் இன்னும் பென்சிலில்தான் இருக்கின்றன. வாரத்துக்கு ஒருநாள் அவர்களோடு அந்த அலுவலகத்துக்குப் போய் வருகிறேன்.

ரமேஷ், உன் கட்டத்தில் லயம், காம்பரா எண் இரண்டையும் எழுது. ஆபீசில் அந்தத் தாளை நீட்டினால் வாசித்துக் காட்டச் சொல். காட்டாவிட்டால் கையெழுத்து வைக்காதே. கடிதம் திரும்பிப் போனால் போகட்டும்.

விசாரணை முடிந்த அன்று லயத்துக்கு ஏறி வரும்போது பாக்கியம் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள்.

“என்னா இருந்தாலும் ஒரு நன்றி சொல்லிட்டு வந்திருக்கலாம். பெரிய மனுசங்க.”

“சொல்லிட்டேன் புள்ள” என்றேன். “அன்னைக்குக் கையெழுத்து வச்சப்பவே சொல்லிட்டேன்.”